இசக்கிதுரையின் விக்கல்

எங்கள் ஆவரங்குளத்தில் யாருக்காவது விக்கல் எடுத்தால், பக்கத்தில் இருப்பவர் தண்ணீர்ச் செம்பைத் தேடுவதற்கு முன்னால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு "எதத் திருடித் தின்ன?" என்று ஒரு அதட்டல் போடுவார், விக்கினவர் "நானா, நான் ஒண்ணையும் தொடலையே" என்று பதறுவார், அந்தப் பதற்றத்திலேயே விக்கல் நின்றுவிடும். பால்வாடிப் பிள்ளையிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் இந்த ஒரே வைத்தியம்தான், எல்லோருக்கும் அது கேட்டது, இசக்கிதுரை ஒருவனைத் தவிர.

இசக்கிதுரைக்கு அப்போது பதினேழு வயது. தாலுகா ஆபீசில் தாசில்தாரின் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே கழற்றிக்கொண்டு போனவன் அவன்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிய பிறகுதான் தாசில்தார் அண்ணாந்து பார்த்தார். அத்தோடு விட்டிருந்தால் யார் எடுத்தது என்று இன்றுவரை தெரிந்திருக்காது. ரெகுலேட்டரும் சேர்ந்தால்தான் நல்ல விலை போகும் என்று மறுநாள் அதைக் கழற்ற வந்தவனைப் பியூன் வேர்த்து விறுவிறுத்துப் பிடித்துவிட்டார். விசாரிக்க விசாரிக்க ஏழு செல்போன், இரண்டு சைக்கிள், ஒரு மோட்டார் பம்பு என்று வந்துகொண்டே இருந்தது. சிறுவர்களை அடைத்து வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் மூன்று மாதம் இருந்தான். பிறகு இளைஞர் நீதிக் குழுமம், அதாவது பதினெட்டு நிறையாதவர்கள் செய்கிற தப்புகளை விசாரிக்கும் சபை, அவனை ஒரு வருஷக் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்பியது. நிபந்தனை மூன்று. ஒரே இடத்தில் வேலை பார்க்க வேண்டும், திங்கட்கிழமைதோறும் நன்னடத்தை அலுவலர் கனகமணி மேடத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும், அடுத்தவர் பொருள் எதுவும் அவன் கையில் இருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் பாக்கி நாட்களை உள்ளே போய்த்தான் கழிக்க வேண்டும்.

அவன் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று ஊரில் பாதிப்பேருக்கு பஸ் ஸ்டாண்டில்தான் வேலை இருந்தது. எனக்கும்தான். நான் தாலுகா ஆபீஸ் சுவரோரம் மேஜை போட்டு மனு எழுதுகிறவன், பெற்றவர்கள் வைத்த பேர் மறந்துபோய் எல்லோருக்கும் நான் மனு அண்ணாச்சி. இறங்கினவன் எங்கள் அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தான், ஒரு விக்கல் விக்கினான், உடனே ஏட்டு தங்கப்பழத்தின் மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் எழும்பி, கூட்டத்தின் தலைக்கு மேலாக அவசரமில்லாமல் பறந்துவந்து, அவன் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

ஏட்டு பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். வந்து அரை நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டானே என்று நாங்கள் உச்சுக்கொட்டினோம். டம்ளரைத் திருப்பிப் பார்த்தால் ‘செ. வள்ளிக்கண்ணு’ என்று பேர் வெட்டியிருந்தது. வள்ளிக்கண்ணு பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை வைத்திருப்பவள், அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். தன் டம்ளர் ஏட்டய்யா பைக்குள் எப்படிப் போனது என்று கேட்டாள். அது ஒரு வழக்கின் சாட்சிப் பொருள் என்றார் ஏட்டு. எந்த வழக்கு என்று அவள் விடவில்லை. இனிமேல் பதிவாகப் போகிற வழக்கு என்றார். இதற்குள் இசக்கிதுரை இரண்டாவது தடவை விக்கினான், என் மூக்கிலிருந்து கண்ணாடி கழன்று பறந்தது.

மறைப்பானேன். அந்தக் கண்ணாடி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மனு எழுத வந்த ஒரு வாத்தியார் என் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போனது. ஒரு வாரம் அவருக்காகக் காத்திருந்தேன். எட்டாம் நாள் சும்மா போட்டுப் பார்த்தேன், எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது, அதற்குப் பிறகு அவர் குடியிருக்கும் தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான் நடந்தது. அதைப் போய்த் திருட்டு என்று சொல்வார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி அவன் சட்டைப் பையில் போய்ச் செருகிக்கொண்டது.

விக்கல் நிற்கவில்லை. அவன் அம்மா பேச்சிக்கனி, பீடி சுற்றுகிறவள், மடியிலிருந்த பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு சீனி கொடுத்துப் பார்த்தாள், மூச்சைப் பிடித்து ஏழு மடக்குத் தண்ணீர் குடிக்க வைத்தாள், கோயில் விபூதி பூசினாள், சர்ச்சில் எண்ணெய் வாங்கித் தடவினாள், பள்ளிவாசலில் ஓதிக் கயிறு கட்டினாள். கடைசியில் தெருவே வரிசையில் நின்று அதட்டியது. எதத் திருடித் தின்ன என்று கேட்டால் மற்றவர்கள் திடுக்கிடுவார்கள், இவன் நெற்றியைச் சுருக்கி யோசித்து, மூணாம் வகுப்பில் கடலை மிட்டாய், நாலில் கோயில் வாழைப்பழம் ஒரு சீப்பு, ஐந்தில் சத்துணவு முட்டை இரண்டு என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனான், இடையிடையே விக்கிக்கொண்டான், சொல்லச் சொல்ல எதிரே நின்றவர்கள் கையிலும் மடியிலும் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக அவன் மடியில் வந்து விழுந்தன. அந்தக் கேள்வியை எட்டு வயதிலிருந்தே அவனிடம் நிஜமாகக் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு அதில் திடுக்கிட எதுவுமில்லை.

ஆக ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இசக்கிதுரை விக்கினால் பத்தடிக்குள் யாரிடம் எது அவருடையதில்லையோ அது அவரை விட்டு இவனிடம் வந்துவிடும். ஏன் எதற்கு என்று நாங்கள் மெனக்கெடவில்லை. எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன.

கனகமணி மேடத்துக்கு இருந்தது சட்டக் கவலை. அந்த அம்மாளின் பொறுப்பில் ஜில்லா முழுக்க நாற்பத்து மூன்று பிள்ளைகள். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் மத்தியானச் சோற்றைப் பெட்ரோல் பங்கில் நின்றபடி சாப்பிடுகிறவள். பையன் கையில் அடுத்தவர் பொருள் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை, அவன் கையிலோ மணிக்கு நாலு பொருள் வந்து விழுந்தது. படிவத்தில் விக்கலுக்குக் கட்டம் இல்லை. ‘உடல்நலம்’ என்ற இடத்தில் விக்கல் என்று எழுதினாள், ‘நடத்தை’ என்ற இடத்தில் பேனாவை வெகுநேரம் கடித்துக்கொண்டிருந்தாள், பிறகு அவனைக் கூப்பிட்டு, எது வந்தாலும் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் உடையவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளை போட்டாள்.

வேலைக்குப் பதினோரு கடை ஏறி இறங்கினாள். பன்னிரண்டாவதாக, வைகாசி முகூர்த்தம் பிறந்த நேரத்தில் பேர் வெட்டுகிற ஆள் திருப்பூருக்குப் போய்விட்டதால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த பாத்திரக்கடை முத்துக்குட்டியிடம் அவனைச் சேர்த்துவிட்டாள். ஊரில் எது எவருடையது என்று பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனவன் இப்போது சின்ன மிஷினைக் கையில் பிடித்து, குடத்திலும் போணியிலும் சம்படத்திலும் எது எவருடையது என்று எழுத உட்கார்ந்தான். எழுதும்போதும் விக்கல்தான். ஒவ்வொரு விக்கலுக்கும் ளகரத்தின் வால் ஒரு சாண் நீண்டு பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். முதலில் முத்துக்குட்டி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பெண்வீட்டுக்காரர்கள் வால் வைத்த எழுத்துத்தான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள், அதை வேறு யாரும் அழித்துத் தம் பேரை வெட்ட முடியாதாம்.

சாயங்காலமானால் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். வீடு கேட்டு அலைய வேண்டியதில்லை. எந்த வீட்டில் என்ன சாமான் இருக்கும், எந்த வீட்டுக் கேட் கிறீச்சிடும், எந்த நாய்க்கு ரொட்டி பிடிக்கும், எந்த வீட்டில் எத்தனை மணிக்கு சீரியல் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவன் பழைய தொழிலில் ஏற்கெனவே படித்து வைத்திருந்தது. வாசலில் நின்று பொருளை நீட்டி, இது உங்களதா, எங்கிட்ட வந்துட்டு என்பான். யார் எடுத்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் இரண்டு மாதம் எங்கள் ஊருக்குப் பொங்கல் மாதிரி இருந்தது. காணாமல் போனதெல்லாம் வீடு வந்து சேர்ந்தன. நூலகத்தில் இல்லாதிருந்த நாவல்கள் பலர் வீட்டு பீரோக்களிலிருந்து கிளம்பி அலமாரிக்கு வந்தன. ரேஷன் கடையைத் தாண்டி அவன் போனால் எடையில் பிடித்த சர்க்கரை கரண்டி கரண்டியாக எழும்பி அவன் தலையில் கொட்டியது, பின்னாலேயே எறும்பு சாரைசாரையாக வந்தது, எறும்பு போகிற திசையைப் பார்த்தே இசக்கிதுரை இன்றைக்கு எந்தத் தெருவில் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். பள்ளி ஆண்டுவிழாவில் உள்ளூர்க் கவிஞர் ஒருவர் சொந்தக் கவிதை என்று சொல்லி வாசிக்கத் தொடங்க, இரண்டாவது வரியில் தாள் அவர் கையை விட்டுப் போய்விட்டது. பக்கத்து வீட்டு வைஃபையில் படம் பார்த்தவர்களுக்கு போன் பறக்கவில்லை, கதாநாயகன் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். கல்யாண வீட்டுக்காரர்கள் தாம்பூலத்தோடு வந்து அவனை அழைத்து, பந்தி முடிந்து உறவினர்கள் பையோடு கிளம்பும் நேரத்தில் மண்டப வாசலில் நிற்க வைத்தார்கள்.

மூன்றாம் மாதம்தான் ஊர் முழித்துக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் தன்னுடையது ஒன்று திரும்பி வந்திருந்தது, தன்னுடையது என்று வைத்திருந்ததில் நாலு போயிருந்தது. வெளியே கிளம்பும் முன் ஒவ்வொருவரும் வாசலில் நின்று பையையும் மடியையும் உதறிப் பார்த்து, இது என்னுடையதுதானா என்று பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டியிருந்தது. ஏட்டு தங்கப்பழம் லத்தி உட்பட ஐந்து சாமான்களுக்கு ரசீது வைத்துக்கொண்டு நடந்தார். நான் கண்ணாடி இல்லாமல் ஒரு மாதம் எழுதினதில், முதியோர் பென்ஷன் கேட்டு வந்த கிழவருக்கு மகப்பேறு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அது வேறு மஞ்சூராகிப் பணமும் வந்துவிட்டது. பிறகு டவுனுக்குப் போய்ச் சொந்தக் கண்ணாடி வாங்கினேன். வாங்கிக்கொண்டு வந்த ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை.

வியாபாரிகள் சங்கக் கட்டிடத்தில் கூடினோம். சங்கச் செயலாளர் பேசினார், பையன் மேல் தனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நல்ல பையன், ஆனால் அவன் நல்லபடியாக வேறெங்காவது இருக்கட்டும் என்றார். எல்லோரும் கைதட்டினோம். என்னை எழுதச் சொன்னார்கள். இன்ன இன்ன தேதிகளில் மேற்படி இசக்கிதுரையின் கைவசம் பிறருக்குச் சொந்தமான பொருட்கள் இருந்தன, ஆகவே நிபந்தனை மீறப்பட்டது, ஆகவே பாக்கி எட்டு மாதக் கண்காணிப்பை ரத்து செய்து அவனை உள்ளே வைக்க வேண்டுகிறோம் என்று எழுதினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. பொய்யில்லாமல் எழுதுவதுதான் என் தொழில். நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று மத்தியானமே கனகமணி மேடம் ஸ்கூட்டரை என் மேஜையில் இடிக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளேயிருந்து பேசினாள்.

"அண்ணாச்சி, எங்கிட்ட நாப்பத்தி மூணு பிள்ளைங்க. உள்ள போயிட்டு வந்ததுல பாதிப்பேரு மறுபடி போயிட்டானுவ. திருடணும்னு போகல. வேலை கிடைக்கல, ஊரு சேர்க்கல, அதுக்காகப் போனானுவ. இவன் ஒருத்தன் நாலு மாசம் நிலைச்சு நின்னுட்டான்னு நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டு இருக்கேன்."

எழுதச் சொன்னால் எழுதுகிறவன் நான், எனக்கு விருப்பு வெறுப்பு கிடையாது என்றேன். அவள் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது, அவமானம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும்.

சாயங்காலம் இசக்கிதுரை வந்தான். யாரோ என்னிடமிருந்து எடுத்துப்போன ஸ்டாம்ப் மையை நீட்டினான். நான் எழுதின மனுவைப் பற்றி அவனுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். பயமாக இல்லையா, ஓடிப்போய்விடலாம் என்று தோன்றவில்லையா என்று நானே கேட்டேன். விக்கலுக்கு இடையில் பதில் சொன்னான்.

"எடுக்கது லேசு அண்ணாச்சி. கொண்டு குடுக்கப் போகையிலதான் கை நடுங்குது. இப்ப ஒரு மாசமாத்தான் நடுங்காம இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா நல்லா வந்துரும்."

விசாரணை நாளன்று ஒரு வேன் பிடித்து நாற்பத்தொரு பேரும் ஜில்லாத் தலைநகருக்குப் போனோம். செயலாளர் வழியெல்லாம் திட்டத்தை விளக்கிக்கொண்டே வந்தார். பையன் அதிகாரிகள் முன்னால் விக்குவான், பிறர் பொருள் அவன் கையில் வந்து விழும், அவர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள், அதற்குமேல் ஒரு சாட்சியும் வேண்டாம் என்றார். எல்லோரும் மெச்சிக்கொண்டோம்.

விசாரணை அறையில் வெளியாட்களுக்கு இடமில்லை என்று என்னையும் ஏட்டையும் மட்டும் உள்ளே விட்டார்கள். மற்ற முப்பத்தொன்பது பேரும் ஜன்னல் கம்பிகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் நடுவர் அம்மாளும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பையனின் ஒருபக்கம் பேச்சிக்கனி, பீடி இலை வாசனையோடு, மறுபக்கம் கனகமணி மேடம். நான் எழுந்து மனுவை வாசித்து, நடுவரின் மேஜையில் வைத்தேன். இதெல்லாம் நிஜமா என்று நடுவர் கேட்டார். நிஜம்தான் மேடம், எல்லாம் என் கையில்தான் இருந்தது என்றான் இசக்கிதுரை. சொல்லிவிட்டு விக்கினான்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி விக்கினான். ஒரு குண்டூசிகூட அசையவில்லை. நடுவர் தம் பேனாவை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார், ஆனால் அதுவும் அவருடையதாகவே இருந்தது. பதினோரு விக்கல் நான் எண்ணினேன். ஜன்னலில் செயலாளரின் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. நாலு மாசப் பழக்கத்தில் நாங்கள் அத்தனை பேரும் காலையில் பையை உதறி, மடியை உதறி, தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு வேன் ஏறியிருந்தோம். இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், ஒருத்தர்கூடவா ஒரு திருட்டுப் பொருள் கொண்டுவரவில்லை என்று செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது உள்ளே வரைக்கும் கேட்டது. ரேஷன் கடைக்காரர் பையெல்லாம் துழாவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

நடுவர் ஏட்டைப் பார்த்து, இந்த நாலு மாதத்தில் உங்கள் ஊரில் எத்தனை திருட்டு வழக்கு என்று கேட்டார். ஏட்டு விறைப்பாக நின்று, இல்லை அம்மா என்றார். அதற்கு முந்தைய நாலு மாதத்தில் என்று கேட்டார். இருபத்தாறு என்றார் ஏட்டு. அப்படியானால் நீங்களெல்லாம் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று நடுவர் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். ஜன்னலில் இருந்தவர்கள் செயலாளரைப் பார்த்தார்கள், செயலாளர் என்னைப் பார்த்தார். நடுவர் மனுவை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

இசக்கிதுரை பன்னிரண்டாவது தடவை விக்கினான். மனு என் கையை விட்டுப் பறந்தது.

நாற்பத்தொரு கையெழுத்தும் படபடக்க அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவன் மடியில் போய் இறங்கியது. நான் பதறிப்போனேன். என் காசில் வாங்கின தாள் அது, என் பேனா, என் மை, என் கையெழுத்து, என் கண்ணாடி போட்டு நானே எழுதினது. ஒன்றுகூட அடுத்தவருடையது இல்லை என்று சத்தியம் செய்யத் தயாராக வாயைத் திறந்தேன். ஜன்னலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவன் தாளை நீவிச் சரிசெய்து, எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தான். கடைசிப் பத்தியில் வெகுநேரம் நின்றான். பேச்சிக்கனி எட்டிப் பார்த்தாள், அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். பிறகு அவன் எழுந்து, ஆவரங்குளத்தில் எந்த வீட்டு வாசலிலும் எப்படி நிற்பானோ அப்படியே என் முன்னால் வந்து நின்று, தாளை நீட்டினான்.

"மனு அண்ணாச்சி, இது உங்களதா? எங்கிட்ட வந்துட்டு."

அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள என் கை எழவில்லை.

"இல்லடே," என்றேன். "அது ஒன்னோட எட்டு மாசம். நாங்கதான் எடுத்துட்டு வந்துட்டோம்."